உட்கார்ந்து சொன்னது

ரப்பி மெனாஷேயின் வலது முழங்கால், குன்னூரில் மழை வரப்போவதை வானிலை மையத்துக்கு முன்பே சொல்லிவிடும். அன்று விடிந்ததிலிருந்து அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. போதாக்குறைக்குப் பதிவகத்து அதிகாரி ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வருவதாகத் தகவல். இரண்டில் எது முதலில் வந்து சேரும் என்று யூதப்பள்ளியின் அலுவலக அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழைதான் முந்தியது.

அதிகாரி நனைந்துபோய் வந்தாள். ஹதாசா என்று பெயர். நாற்பதுக்குள் இருக்கும். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வழக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம். பார்த்ததுமே ரப்பிக்கு அந்த முகத்தைப் பிடித்துவிட்டது. கண்ணாடியில் தன் முகமும் கொஞ்ச காலமாக அப்படித்தான் தெரிகிறது.

"டீ குடிக்கிறீங்களா?"

"குடுங்க. முதல்ல அதுதான் வேணும்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூட்டை வாங்கிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். "இங்க சிப்போரான்னு ஒருத்தங்க. தெரியுமா?"

"தெரியாம என்ன? கம்பெனியில டீ ருசி பாக்கற வேலை. புருஷன் யாஃபேத் கடல்ல போயிட்டான், பாவம். ஏழு வருஷம் இருக்கும்."

"அவங்க மறுமணத்துக்கு மனு போட்டிருந்தாங்க. ருவேன்னு ஒருத்தரைக் கட்டிக்கப் போறாங்களாம். மனு தள்ளுபடி ஆயிடுச்சு."

"ஏன்? யாரு தள்ளினது?"

"நீங்கதான், ரப்பி."

மெனாஷே டம்ளரை மேசைமேல் வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பு அந்த வயதில் காலை பத்து மணிக்குமேல் இருப்பதில்லை.

பதிவகம் வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் யூத ஜனங்களுக்கு மதச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் தங்கள் ஊர் மதகுருவான ரப்பியிடம் கேட்டார்கள். அவர் கூடாது என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பிறகு உலகமே உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தது. குன்னூர் ரப்பி கூடாது என்றாரா, அடுத்த நிமிடம் மெல்போர்ன் ரப்பி. அவரும் உதட்டைப் பிதுக்கினால் பாரிஸ். கூடும் என்று சொல்கிற புண்ணியவான் ஒருவர் அகப்படும் வரைக்கும் சுற்றி வந்தார்கள். ஒருவர் கூடாது என்று தீர்த்ததை இன்னொருவர் கூடும் என்று திருப்பக் கூடாது என்பது பழைய சட்டம். யார் யாரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் 'காது' வந்தது.

காது என்பது சட்டைக் காலரில் குத்திக்கொள்கிற ஒரு பொத்தான். எல்லா நாட்டு ரப்பிகளின் காலரிலும் ஒன்று இருக்கும். அவர்கள் பேசுவதையெல்லாம் அது கேட்கும், உட்கார்ந்திருக்கிறார்களா நிற்கிறார்களா என்பதும் அதற்குத் தெரியும். தீர்ப்பை மட்டும் பதிவகத்துக்கு அனுப்பிவிட்டு மற்றதை மறந்துவிடும். தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் பச்சை விளக்கு ஒன்று எரியும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எது தீர்ப்பு, எது சும்மா சொன்ன யோசனை என்பதில்தான் வில்லங்கம்.

வீட்டை விற்கலாமா, மகளுக்கு எந்த இடத்தில் முடிப்பது, மாமியாரோடு காலம் தள்ளுவது எப்படி என்பதெல்லாமும் ரப்பியிடம்தான் வரும். அவரும் தோன்றியதைச் சொல்வார். அது யோசனை, கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். தீர்ப்பு அப்படிப்பட்டதல்ல. கேட்டவர்களைக் கட்டிவிடும். இந்த வித்தியாசத்தை இயந்திரத்துக்குப் புரியவைக்க, ஒவ்வொரு ஊரும் தன் வழக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று பதிவகம் கேட்டது.

கொச்சி கடலுக்குள் போனபோது அங்கிருந்த யூதக் குடும்பங்களில் சில குன்னூருக்கு ஏறி வந்தன. இரண்டு தலைமுறையில் அவர்கள் வீட்டு மலையாளம் கல்யாணப் பாட்டுகளுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆனால் வழக்கங்கள் மலையேறி வந்தன. அதில் ஒன்றை எழுதித்தான் குன்னூர்க்காரர்கள் அனுப்பினார்கள்: எங்கள் ஊரில் தீர்ப்பு சொல்லும்போது ரப்பி உட்கார்ந்திருப்பார், கேட்பவர் நின்றுகொண்டிருப்பார்; யோசனை சொல்வதென்றால் ரப்பி எழுந்து அவரோடு கூட நடப்பார். அதன் கீழே கையெழுத்துப் போட்டவர் மெனாஷே. அந்தக் காலத்தில் அவருக்கு முழங்கால் நன்றாக இருந்தது.

ஹதாசா தன் பையிலிருந்து சிறிய கருவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிலிருந்து கல்யாண வீட்டுச் சத்தம் வந்தது. தட்டுகள் மோதிக்கொண்டன, பெண்கள் பாடினார்கள். நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. பிறகு சிப்போராவின் குரல்: "ரப்பி, நான் இன்னொருத்தரைக் கட்டிக்கறது கூடுமா?" அப்புறம் ஒரு பெருமூச்சு. அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. "ஐயோ, இப்ப வேண்டாம்மா. பொறுத்திரு." அவ்வளவுதான் இருந்தது.

"சிப்போராவோட அண்ணன் மகள் கல்யாணம்" என்றார் மெனாஷே. "யாஃபேத் போய் மூணு மாசம்கூட ஆகல. நான் தட்டைக் கையில வெச்சுக்கிட்டிருக்கேன். இதுவா தீர்ப்பு?"

"உக்காந்திருக்கீங்க. அவங்க நிக்கறாங்க. கூடுமான்னு கேக்கறாங்க."

"கால் வலிச்சுது, உக்காந்தேன்."

"காதுக்குக் கால் வலி தெரியாதுங்க. விளக்கு எரிஞ்சிருக்குமே, நீங்க பாக்கலையா?"

"குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தேன்."

"மாசா மாசம் அறிக்கை வருமே."

வரும். பார்த்தேன் என்கிற இடத்தில் விரலை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஒரு மாதத்து அறிக்கையைக்கூட அவர் திறந்து படித்ததில்லை. அதை ஹதாசாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் ஹதாசா. "அது வெறும் யோசனைதான்னு ஒரு வாக்குமூலம் குடுங்க. உங்க முழங்கால் பத்தின டாக்டர் சீட்டெல்லாம் எங்ககிட்டயே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடலாம். இன்னொண்ணு, அது தீர்ப்புதான், ஆனா தப்பான தீர்ப்புன்னு நீங்களே திருப்பிக்கறது. அதை விட்டுடுங்க."

"ஏன் விடணும்?"

"சரியா விசாரிக்காம தீர்ப்பு சொன்னீங்கன்னு ஆயிடும். அந்த வருஷம் நீங்க தீர்த்த அத்தனையும் நிறுத்தி வெச்சிருவாங்க. ஒவ்வொண்ணையும் நீங்களே மறுபடி உக்காந்து கேக்கணும். அதுவரைக்கும் அதெல்லாம் செல்லாது. இந்த ஒரு மனுவுக்காக எதுக்குங்க?"

அந்த வருஷம் தீர்த்தவற்றில் மெனாஷேயின் நினைவுக்கு முதலில் வந்தது தையல் கடை எஸ்தர். பிறப்பால் அவள் யூதப் பெண் அல்ல. கைக்குழந்தையை விடச் சற்றே பெரிய ஒரு பையனோடு வந்து, வருஷக்கணக்காகப் படித்து, நோன்பிருந்து, கடைசியில் அவர் முன்னால் நின்று யூத மதத்துக்குள் வந்தவள். வரும் மாதம் அந்தப் பையன் பதின்மூன்று வயது நிறைந்து, முதல்முறையாகச் சபை முன்னால் வேதமான தோரா வாசிக்க எழுந்து நிற்கப் போகிறான். ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நிறுத்தி வைத்தால் அவளும் யூதப் பெண் இல்லை, அவள் மகனும் இல்லை.

"யோசனைன்னே எழுதிக் குடுத்துடறேன்" என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் முதல்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

ஹதாசா ஈரத் துணிகளோடு விருந்தினர் அறைக்குப் போனாள். உண்மையில் ரப்பிக்கு மனசு லேசாக இருந்தது. காலையில் வந்த ஒரு வில்லங்கம் மத்தியானத்துக்குள் தீர்வது அவர் வாழ்க்கையில் அபூர்வம்.

சிப்போரா வந்தபோது மழை தூறலாகியிருந்தது. வாசல் கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றான். அவன்தான் ருவேனாக இருக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஆலைகளில் இயந்திரம் பழுது பார்ப்பவன், மனைவியை இழந்தவன் என்று கேள்விப்பட்டிருந்தார். பெண்ணோடு தனியாக இருக்கக் கூடாது என்பதால் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இது பேச்சுதான், தீர்ப்பு கிடையாது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே.

"உன் விஷயம் முடிஞ்சுதும்மா. அன்னிக்கு நான் சொன்னது சும்மா யோசனை. கால் வலின்னு உக்காந்தேன், இந்தக் காது அதைத் தீர்ப்புன்னு எடுத்துக்கிச்சு. எழுதிக் குடுத்துட்டா அழிச்சுடுவாங்க. உனக்குத் தடையே இல்ல."

சிப்போரா சந்தோஷப்படவில்லை. முந்தானையால் கையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அது யோசனை, ரப்பி. நான் அப்படிக் கேக்கலையே."

"என்னம்மா சொல்ற?"

"நீங்க உக்கார்ற வரைக்கும் காத்திருந்துதான் கேட்டேன்."

மெனாஷேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிப்போரா நிதானமாகச் சொன்னாள். பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"யாஃபேத்தோட சட்டை அப்பவும் கொடியிலதான் கெடந்துது. எடுக்க மனசு வரல. அதுக்குள்ள எங்க அண்ணன் மாப்பிள்ளை பாத்துட்டான். சின்ன வயசு, தனியா எப்படி இருப்பேன்னு வீடு பூராவும் அதே பேச்சு. நான் வேண்டாம்னா யாரு கேக்கறா? அண்ணன் உங்ககிட்ட வந்து அனுமதி வாங்கறதா இருந்தான். அதுக்கு முந்தி நான் கேட்டுடணும்னு நெனச்சேன். நீங்க நின்னுக்கிட்டுச் சொன்னா, ரப்பி ஏதோ சொன்னார்னு தூக்கிப் போட்டுருவாங்க. பந்தல்ல நீங்க காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு நின்னீங்க. எப்படியும் உக்காருவீங்கன்னு தெரியும். உக்காந்ததும் வந்தேன். கூடுமான்னு கேட்டேன். உங்க சால்வைக்குள்ள பச்சையா எரிஞ்சுது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒருத்தரும் வாயத் திறக்கல."

மெனாஷே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் அவரைக் கதவு மாதிரிச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, ஏழு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறாள். கதவுக்குத்தான் அது தெரியாமல் போயிருக்கிறது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெம்பு இல்லாவிட்டாலும் வந்தது.

"சரி, தீர்ப்புன்னே வெச்சுக்கோ. அப்பவும் அது சரியான தீர்ப்புதான். உன் புருஷன் கடல்ல போனான். கரை கண்ணுக்குத் தெரியாத தண்ணியில ஒருத்தன் விழுந்தா, செத்தான்னு சொல்ல முடியாது. வேற எங்கயாவது கரையேறிப் பிழைச்சிருக்கலாம். உடலும் கிடைக்கல. அவன் பொண்டாட்டி காத்திருக்கத்தான் வேணும். எந்த ரப்பியா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்."

"அவர் கடல்ல போகல."

"ஊரே சொல்லுதே."

"ஊரு அப்படித்தான் சொல்லும். அந்த வருஷம் கடல்சுவர் வேலையில எத்தனை பேர் போனாங்க, எல்லாருக்கும் அதே பேச்சுதான். இவர் சுவருக்கு உள்ள வேலை பாத்தார், ரப்பி. மட்டாஞ்சேரி முழுகிக் கெடக்குதே, அந்த ஏரியில. முழுகின வீடுங்கள்ல இருந்து கல்லும் ஓடும் எடுக்கற வேலை. நாலு பக்கமும் சுவர்."

சிப்போரா கையால் சுற்றிக் காட்டினாள்.

"அந்தச் சுவர்மேல ஒரு காவல் கோபுரம் உண்டு. அதோட காவலாளி ஒருத்தர் துக்கம் விசாரிக்க வந்தார். செல்லத்துரைன்னு பேரு, தெக்கத்தி நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். டீ குடுத்தேன். குடிக்காமயே அழுதார். நான் ஒண்ணும் கேக்கல, அவரா சொன்னார். மதகெல்லாம் மூடியிருந்துச்சும்மா, சுத்துச் சுவர் அத்தனையும் எனக்கு மேலருந்து தெரியும், படகு கவுந்ததுலருந்து இருட்டற வரைக்கும் கண்ண எடுக்காம பாத்தேன், ஒருத்தரும் ஏறல, என்னால எறங்கிப் போக முடியலம்மான்னு அழுதார்."

மெனாஷே கண்ணை மூடிக்கொண்டார். கரை முழுதும் தெரிகிற தண்ணீர். உயிர் தாங்காத நேரம் வரைக்கும் பார்த்த கண். அந்த மனிதர் அதைச் சாட்சி சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், யாரும் தூண்டாமல், தன் துக்கத்தில் சொல்லியிருக்கிறார். அவர் யூதர் அல்ல. ஆனாலும் இப்படித் தன்போக்கில் வாயில் வந்த வார்த்தையை இந்த ஒரு விஷயத்தில் சட்டம் மதிக்கும். கணவன் என்ன ஆனான் என்று தெரியாமல் நிற்கிற பெண்ணை விடுவிக்க அந்தக் காலத்துப் பெரியவர்கள் திறந்துவைத்த வாசல் அது. ஏழு வருஷத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கூடும் என்று சொல்லியிருப்பார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல, ரப்பி."

சிப்போரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடர்ந்தாள்.

"நானா சொல்லியிருந்தா கூடும்னு சொல்லியிருப்பீங்க. அது எனக்கு அப்ப வேண்டாம். ஆனா நீங்க கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன். காவலாளி சொன்னது அண்ணனுக்கும் தெரியும். ரப்பி எல்லாத்தையும் விசாரிச்சுத்தான் சொல்லியிருப்பார்னு அவனும் விட்டுட்டான்."

வெட்கமாக இருந்தது. பெரிய வார்த்தையெல்லாம் போட்டு மறைப்பதற்கில்லை. ரப்பி மெனாஷேவுக்கு அந்த நேரத்தில் அப்பட்டமாக வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பொறுத்திரு என்று அவர் சொன்னது கருணையால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கருணை கொஞ்சம் இருந்திருக்கலாம். தட்டில் இருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. உள்ளேயா வெளியேயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அலுப்பு அதைக் கேட்க விடவில்லை.

"இப்ப என்னம்மா செய்யணுங்கற? யோசனைன்னு எழுதிக் குடுத்தா உனக்கு வழி விட்டுடுவாங்க. போய்க் கட்டிக்கலாம்."

"பதிவகம் விட்டுடும். நான் எப்படிங்க விடறது? தீர்ப்புன்னு ஏத்துக்கிட்டுத்தானே இத்தனை வருஷம் இருந்தேன். மனு போட்டதே அது திரும்ப உங்க முன்னால வரும்னுதான். ருவேனை ரெண்டு வருஷமாத் தெரியும். அவர் கையைக்கூடத் தொட்டதில்ல. அது கூடாதுன்னு நீங்க சொன்னது இருந்துதேன்னு. இப்ப அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்தா, கூடாதுங்கறதோடயே பந்தலுக்குள்ள போற மாதிரிதான் எனக்கு இருக்கும்."

மெனாஷேவுக்குக் குறுக்கு வழி ஒன்று தோன்றாமல் இல்லை. பதிவகத்துக்கு யோசனை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். காதைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, இவளுக்கு மட்டும் தனியாகக் கூடும் என்று சொல்லிவிடலாம். இவள் மனசும் ஆறும், எஸ்தரும் தப்பிப்பாள். ஒரு நிமிடம் அது மிகவும் நியாயமாகக்கூடத் தெரிந்தது. அப்புறம், அவர்களுக்கு ஒரு சொல் இவளுக்கு ஒரு சொல் என்று ஆனால், இவள் ஏழு வருஷம் கட்டுப்பட்டு நின்ற அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நினைத்தார். காற்றில் சொல்லிவிட்டுக் காற்றோடு விடுவதற்குத்தான் யோசனை இருக்கிறது. அவள் அவரிடம் கேட்டதோ வேறு.

எஸ்தரின் பையன் வாரா வாரம் வந்து தன் பகுதியைப் பாடிக் காட்டிவிட்டுப் போகிறான். போன வாரம் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சிப்போரா நிமிர்ந்து நின்றாள்.

"கேளும்மா."

"ரப்பி, நான் இன்னொருத்தரைக் கட்டிக்கறது கூடுமா?"

இந்த முறை அவர் கேட்டார். சுவருக்கு உள்ளேயா வெளியேயா. மதகு எத்தனை, எல்லாமா மூடியிருந்தது. காவலாளி எங்கே நின்றார், அங்கிருந்து சுவரின் எந்த மூலையாவது மறையுமா. அவராகச் சொன்னாரா, நீ கேட்டு வாங்கினாயா. அப்போது வேறு யார் இருந்தார்கள். சிப்போரா தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். செல்லத்துரை இப்போதும் அதே கோபுரத்தில் வேலை செய்கிறார் என்றாள். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமல், யாஃபேத்தின் வீட்டுக்குப் பழக்கமானவர் பேசுகிறேன், அவனை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார் மெனாஷே. அந்த முனையில் இருந்தவர் ஏழு வருஷத்துக்குப் பிறகும் அதையே, அதே அழுகையோடு சொன்னார். ரப்பி ஒரு கேள்வியும் கேட்காமல் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு நான் விசாரிக்காம கூடாதுன்னு சொன்னேன். அது தப்பு. அதைத் திருப்பிக்கறேன். நீ விதவை. இன்னொருத்தரைக் கட்டிக்கறது கூடும்."

அவர் காலரில் பச்சை எரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். சிப்போரா அப்போதுதான் அழுதாள். விதவை என்ற வார்த்தையை அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. யாஃபேத்துக்காக அழ அவளுக்கு அன்றுதான் அனுமதி கிடைத்தது.

விருந்தினர் அறையில் ஹதாசாவின் கருவி ஒலித்திருக்க வேண்டும். செருப்புக்கூடப் போடாமல் வாசலில் வந்து நின்றாள்.

"அதை விட்டுடுங்கன்னு சொன்னேனே, ரப்பி."

"சொன்னீங்க" என்றார் மெனாஷே. "நல்ல யோசனைதான்."

ஹதாசா உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நிறுத்தி வைக்கிற உத்தரவை அவள்தான் எழுத வேண்டும், அன்றைக்கே எழுதினாள்.

மெனாஷே எழுந்து சிப்போராவோடு கேட் வரைக்கும் நடந்தார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டியிருந்தது. அவளும் அவருக்காக மெல்ல நடந்தாள்.

"ரப்பி, இப்ப ஒண்ணு கேக்கட்டா?"

"நடந்துக்கிட்டே கேளு."

"இவரைக் கட்டிக்கலாமா?"

கேட்டுக்கு வெளியே ருவேன் குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தான். உதறிய தண்ணீர் அவன் சட்டைமேலேயே விழுந்தது. மெனாஷே அவனைக் கொஞ்சம் யோசனையோடு பார்த்தார்.

"அவசரப்படாதம்மா. நல்லா விசாரி. இந்த மழையெல்லாம் போகட்டும், ஹனுக்காப் பண்டிகை முடிஞ்சு வெச்சுக்கலாம். பொறுத்திரு."

"சரிங்க, ரப்பி."

அந்தச் 'சரிங்க'வை அவர் முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறார். கேட்காமல் இருக்கப் போகிறவர்கள்தான் அவ்வளவு பணிவாகச் சொல்வார்கள். காலரில் விளக்கு எரியவில்லை.

கல்யாணம் அடுத்த செவ்வாய்க்கிழமையே நடந்தது. படைப்பின்போது கடவுள் செவ்வாயன்று மட்டும் இரண்டு முறை நல்லது என்று சொன்னதாகக் கணக்கு, அதனால் யூதர்களுக்குக் கல்யாணத்துக்கு அது உகந்த நாள். செவ்வாய்க்கிழமை யாராவது கல்யாணம் வைப்பார்களா என்று குன்னூரில் மற்றவர்களுக்கு இன்றுவரை புரிந்ததில்லை. மழை விடவில்லை. யூதப்பள்ளி முற்றத்துப் பந்தலில் ஓரமாக ஒழுகியது. சிப்போராவின் அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். பெண்கள் அந்தப் பழைய மலையாளப் பாட்டுகளைப் பாதி அர்த்தம் தெரியாமல் முழுத் தொண்டையில் பாடினார்கள்.

சடங்கு முடிந்ததும் யாரோ ரப்பிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. ஒருத்தி மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். நின்றபடியே அனுப்பு என்றார். இன்னொருவர் தம்பியோடு உள்ள சண்டையைச் சொன்னார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டே, நீயே முதலில் பேசு என்றார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. உட்காருங்களேன் என்று நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். பந்தலுக்குள்ளிருந்து சிப்போரா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் தெரு வாசலில் எஸ்தர் நிற்பதைக் கவனித்தார். பக்கத்தில் அவள் மகன், கல்யாணத்துக்கென்று தைத்த புதுச் சட்டையில். உத்தரவு அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அழைப்பு இருந்தும் உள்ளே வராமல், போகவும் மனசில்லாமல், கேட்டுக்கு வெளியிலேயே இருவரும் நனைந்துகொண்டிருந்தார்கள். பையன் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

மெனாஷே நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நடந்தார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றார். ஈர முற்றத்தில் அது கோடு போட்டுக்கொண்டே வந்தது. கேட்டைத் தாண்டித் தெருவில், அவர்கள் எதிரே நாற்காலியைப் போட்டார். தோளில் சால்வை இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தூறல் தலைமேல் விழுந்துகொண்டிருக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து கேப்போம், எஸ்தர்" என்றார். "இந்த தடவை ஒண்ணும் விடாம கேக்கறேன். நீ எப்ப, எதுக்காக எங்ககிட்ட வந்தே, சொல்லும்மா."